ஆக்ஸிடென்ட் நடந்த இடத்துல நான் சும்மா நின்ன 7 நிமிஷம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா அங்கங்கே திருத்தியிருக்கோம்.)

வழக்கமா இங்க வேலை, சம்பளம், வாடகை, இ.எம்.ஐ.னு ஏதாவது புலம்பிட்டு இருப்போம். இன்னைக்கு வேற விஷயம். போன வருஷம் அக்டோபர்ல ஓ.எம்.ஆர்.ல ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்லப் போறேன். இதைப் பேசலாமா வேணாமான்னு ரொம்ப நாள் யோசிச்சேன். ஏன்னா இந்தக் கதையில நான் ஹீரோ கிடையாது.

எங்க ஆஃபீஸ்ல சர்வர் படுத்துட்டா மறுநாள் ஒரு மீட்டிங் போடுவோம். அதுக்குப் பேரே போஸ்ட்மார்ட்டம். எத்தனை மணிக்கு என்ன ஆச்சு, யார் எப்போ பார்த்தாங்க, ஏன் லேட்டாச்சுன்னு லாக் எடுத்து வச்சு நிமிஷம் நிமிஷமா பார்ப்போம். யாரையும் திட்டக் கூடாதுங்கறது அதோட ரூல். இதையும் அப்படியே சொல்றேன். லாக் என் போன்லயே இருக்கு.

மழை விட்டு விட்டுப் பெய்ஞ்ச ராத்திரி. துரைப்பாக்கம் பக்கம், மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடிச்சு ரோட்டைச் சுருக்கி வச்சிருப்பாங்களே, அந்த இடம். எனக்கு முன்னாடி ஒரு டெலிவரி தம்பி பைக்ல போயிட்டிருந்தான். இடது பக்கமா வந்த கார் அவன் ஹேண்டில்பார்ல உரசுச்சு. சத்தம் கூடப் பெரிசா கேக்கல. வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம், சாப்பாட்டுப் பை ஒரு பக்கம்.

நான் பைக்கை ஓரம் கட்டினேன். அம்மாவுக்கு போன் பண்ணி, "ஒரு ஆக்ஸிடென்ட், லேட்டாகும்"னு சொன்னேன். கால் லாக்ல அது 9:41. அம்மா சொன்ன முதல் வார்த்தை, "உனக்கு ஒண்ணும் இல்லையே?" ரெண்டாவது, "நீ அதுல தலையிடாத, போலீஸ் கேஸாயிடும்."

அதுக்குள்ள 15, 20 பேர் கூடிட்டாங்க. வட்டமா நிக்கறோம். ஒருத்தர் வீடியோ எடுக்கறாரு. "ஐயோ பாவம்"னு ஒரு குரல். ஒரு பெரியவர் என் தோளைத் தொட்டு, "தம்பி, நீங்க படிச்ச பிள்ளை மாதிரி இருக்கீங்க, கிளம்புங்க, சாட்சிக்கு இழுப்பாங்க"ன்னாரு. நல்ல மனசோடதான் சொன்னாரு. நானும் நின்னேன். எனக்கு ரத்தம் பார்த்தா பயமெல்லாம் கிடையாது. என்னோட பயம் வேற. என் பேரை எழுதிக்குவாங்க, கோர்ட்டுக்கு அலைய விடுவாங்க, ஆன்சைட் போற நேரத்துல பாஸ்போர்ட் வெரிஃபிகேஷன்ல ஏதாவது வந்துடுமோன்னு எல்லாம் மனசுக்குள்ள ஓடுச்சு. ஒரு மனுஷன் கீழே கிடக்கறான், நான் பாஸ்போர்ட்டைப் பத்தி யோசிக்கறேன்.

பக்கத்து டீக்கடை அக்கா கூட்டத்தை விலக்கிட்டு உள்ள வந்தாங்க. வந்தவுடனே கேட்ட கேள்வி: "யாராவது 108-க்குப் போட்டீங்களா?"

யாரும் போடல. 20 போன் இருக்கு. ஒவ்வொருத்தரும் இன்னொருத்தர் போட்டிருப்பாங்கன்னு நினைச்சிருக்கோம். நான் அப்போதான் போட்டேன். கால் லாக்ல 9:48.

அந்த 7 நிமிஷம்தான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல அந்த பயம் எங்கிருந்து வந்துச்சுன்னு பார்ப்போம். சும்மா வந்த பயம் இல்ல. நம்ம அப்பா அம்மா காலத்துல அது நிஜம். அடிபட்டவரைத் தூக்கிட்டுப் போனவரையே "நீதான் இடிச்சியா?"னு கேட்டிருக்காங்க. ஹாஸ்பிடல்ல "இது போலீஸ் கேஸ், நாங்க பார்க்க மாட்டோம், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க"னு திருப்பி அனுப்பியிருக்காங்க. டெல்லியில ஸ்கூட்டர்ல போன ஒருத்தர் அடிபட்டு, பக்கத்து ஹாஸ்பிடல்ல சேர்க்க மாட்டேன்னு சொல்லி, 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கற இன்னொண்ணுக்கு அனுப்பி, வழியிலேயே இறந்துட்டாரு. அந்தச் செய்தியைப் படிச்சுட்டு ஒருத்தர் போட்ட வழக்குதான் பரமானந்த் கட்டாரா வழக்கு. 1989-ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு: உயிரைக் காப்பாத்தறதுதான் முதல்ல, போலீஸ் நடைமுறையெல்லாம் அப்புறம். அரசு ஹாஸ்பிடல், தனியார் ஹாஸ்பிடல், எந்த டாக்டரா இருந்தாலும் சரி.

ஆனா தூக்கிட்டுப் போறவருக்கு அப்பவும் பாதுகாப்பு இல்ல. 2007-ல டெல்லியில பியூஷ் திவாரின்னு ஒருத்தரோட கசின், ஸ்கூல் பையன், ரோட்ல அடிபட்டுக் கிடந்தான். பார்த்தவங்க யாரும் உதவல, பையன் இறந்துட்டான். அதுக்கப்புறம் அவர் சேவ்லைஃப் ஃபவுண்டேஷன்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாரு. 2013-ல அவங்க எடுத்த சர்வேல 100-ல 74 பேர் உதவ முன்வர மாட்டோம்னு சொன்னாங்க. அப்படிச் சொன்னவங்கள்ல 88 சதவீதம் பேர் சொன்ன காரணம் போலீஸ், கோர்ட் அலைச்சல். இந்தக் கணக்குல நானும் எங்கம்மாவும் அந்தப் பெரியவரும் கச்சிதமா உட்காருவோம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்த பயம் பழைய வெர்ஷன். 2016 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் வழிகாட்டு நெறிமுறைகளை நாடு முழுக்கக் கட்டாயமாக்குச்சு. 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினப்போ 134-ஏன்னு ஒரு பிரிவே சேர்த்தாங்க. 2020 செப்டம்பர்ல அதுக்கான விதிகள் வந்துச்சு. எதையும் எதிர்பார்க்காம, நல்லெண்ணத்தோட அடிபட்டவருக்கு உதவறவர் சட்டத்தோட பார்வையில 'குட் சமாரிட்டன்'. நீங்க தூக்கும்போது ஏதாவது தப்பாகி அவருக்கு அடி அதிகமானாலும், இறந்தே போனாலும், உங்க மேல சிவிலோ கிரிமினலோ கேஸ் போட முடியாது. உங்க பேர், அட்ரஸ், போன் நம்பர் எதையும் சொல்லச் சொல்லி போலீஸோ வேற யாருமோ கட்டாயப்படுத்தக் கூடாது. சாட்சி சொல்றதும் உங்க இஷ்டம். இந்த உரிமைகளை ஹாஸ்பிடல் வாசல்லயே போர்டா வைக்கணும்னு கூட விதி இருக்கு. அடுத்த தடவை ஹாஸ்பிடல் போனா தேடிப் பாருங்க. நான் தேடிட்டே இருக்கேன்.

ரோட்டுக்குத் திரும்பிடுவோம், அக்கா அங்க வேலை பார்த்துட்டு இருக்காங்க.

அவங்க முதல்ல பண்ணது, என்னைப் பார்த்து, "தம்பி, உன் வண்டியைக் கொண்டு போய் பின்னால நிறுத்தி லைட்டை விட்டு விட்டு எரிய விடு." இது எனக்குத் தோணவே இல்ல. மழை, இருட்டு, பின்னாடி வர்ற பஸ்ஸுக்குக் கீழே ஒருத்தன் கிடக்கறது தெரியாது. ரெண்டாவதா, தோள்ல கிடந்த துண்டை மடிச்சுத் தம்பி தலையில ரத்தம் வர்ற இடத்துல வச்சு அழுத்திப் பிடிச்சுக்கிட்டாங்க. துண்டு நனைஞ்சுடுச்சு. எடுத்துப் பார்க்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு. அக்கா விடல. அதுக்கு மேலயே இன்னொரு துணியை வச்சு அழுத்தினாங்க. அதுதான் சரியான முறை. எடுத்துப் பார்த்தா உறைய ஆரம்பிச்ச ரத்தம் திரும்ப ஒழுகும்.

அதுக்குள்ள நம்ம ஊரு வழக்கப்படி ஒருத்தர் சோடா வாங்கிட்டு வந்துட்டாரு. நம்ம சினிமால ஆள் மயங்கினா ஒரு சோடா, வலிப்பு வந்தா கையில இரும்புச் சாவி, வெட்டுப்பட்டா காபித்தூள். மூணையும் இன்னையோட விட்டுடலாம். அரை மயக்கத்துல இருக்கறவருக்கு வாயில எது ஊத்தினாலும் மூச்சுக்குழாய்ல போக வாய்ப்பு உண்டு. அவசரமா ஆபரேஷன் பண்ணணும்னா வயிறு காலியா இருக்கறதுதான் நல்லது. சாவி, காபித்தூள் பத்தி நான் சொல்லவே வேணாம், உங்க வீட்டு டாக்டரைக் கேளுங்க, சிரிப்பாங்க.

ரெண்டு பேர் கையையும் காலையும் பிடிச்சுத் தூக்கி ஆட்டோல போட்டுடலாம்னு வந்தாங்க. கழுத்துலயோ முதுகுலயோ எலும்பு உடைஞ்சிருந்தா, அப்படி மடக்கித் தூக்கறதுல நரம்பு போயிடும். தீ, தண்ணி, பின்னாடி வர்ற வண்டின்னு அந்த இடத்துலயே ஆபத்து இருந்தாலொழிய ஆளை அசைக்காம இருக்கறது நல்லது. 108-ல இருக்கறவங்ககிட்ட லைன்லயே கேக்கலாம், என்ன பண்ணணும்னு சொல்லுவாங்க. அவங்க என்கிட்ட முதல்ல கேட்டது இடம். நான் "ஓ.எம்.ஆர்."னு சொன்னேன். ஓ.எம்.ஆர். எவ்வளவு நீளம்! மேப்ல லொகேஷன் தேடறேன், மழைத்தண்ணியில டச் வேலை செய்யல. அக்காதான் பஸ் ஸ்டாப் பேரையும் எதிர்க்கடை பேரையும் கத்திச் சொன்னாங்க. பக்கத்துக் கடை போர்டைப் படிங்க, அதுல அட்ரஸ் இருக்கும். இதை மட்டும் அன்னைக்கு நான் தெரிஞ்சு வச்சிருந்தா ஒரு நிமிஷம் மிச்சம்.

தம்பியோட ஹெல்மெட் பத்தடி தள்ளிக் கிடந்துச்சு. போட்டுத்தான் இருந்தான், ஸ்ட்ராப் மாட்டல. 'போலீஸுக்கு ஹெல்மெட்'னு நம்ம எல்லாருக்குமே தெரிஞ்ச ஒரு கெட்ட பழக்கம் இருக்கே, அதுதான். விழும்போது தலைக்கு முன்னாடி ஹெல்மெட் பறந்து போயிடும். உள்ள இருக்கற தெர்மோகோல் மாதிரி ஃபோம் நசுங்கித்தான் அடியை வாங்கிக்குது, அதனால ஒரு தடவை நல்லா அடிபட்ட ஹெல்மெட் வெளியே பார்க்க நல்லா இருந்தாலும் அதோட வேலை முடிஞ்சுது. 2021 ஜூன்ல இருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத டூவீலர் ஹெல்மெட்டை விக்கறதே சட்டப்படி தப்பு, ஆனாலும் ரோட்டோரமா தொங்கிட்டுத்தான் இருக்கு. பின்னாடி உட்காருறவங்களுக்கும் ஹெல்மெட் கட்டாயம். இதுக்கு மேல நான் டிராஃபிக் போலீஸ் மாதிரி பேசல. ஒரே ஒரு நம்பர் மட்டும்: 2022-ல நாடு முழுக்க சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர். அதிக விபத்து நடந்த மாநிலம் நம்ம தமிழ்நாடு, 64,105. இது மத்திய அரசோட சொந்தக் கணக்கு.

108 வந்துச்சு. "கூட யாராவது வாங்க"ன்னாங்க. அக்கா கடையை விட்டுட்டு வர முடியாது. எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. ஏறிட்டேன்.

பக்கத்துல இருந்த தனியார் ஹாஸ்பிடல். பேர் வேணாம். உள்ள டாக்டர் பார்க்க ஆரம்பிச்சுட்டாரு, அதுல குறை சொல்ல முடியாது. கவுன்ட்டர்லதான் பிரச்சினை.

"நீங்க பேஷன்ட்டுக்கு யாரு?"

"யாரும் இல்ல மேடம். ரோட்ல பார்த்தேன்."

"அப்போ 25,000 அட்வான்ஸ் யார் கட்டுவாங்க? யார் சைன் போடுவாங்க?"

என் கை தானா பர்ஸுக்குப் போச்சு. பின்னாடி வந்த 108 அண்ணன்தான், "மேடம், இது நாற்பத்தெட்டு கேஸ்"னு சொன்னாரு. அவங்க தலைக்கு மேல சுவத்துலயே போர்டு இருந்துச்சு: இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48.

2021 டிசம்பர்ல மேல்மருவத்தூர்ல தொடங்கின தமிழ்நாடு அரசுத் திட்டம் இது. தமிழ்நாட்டு எல்லைக்குள்ள சாலை விபத்துல அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. திட்டத்துல சேர்ந்திருக்கற தனியார் ஹாஸ்பிடல்லயும் கிடைக்கும். காப்பீட்டு அட்டை வேணும்னு இல்ல, தமிழ்நாட்டுக்காரரா இருக்கணும்னும் இல்ல. பீகார்ல இருந்து வந்து மெட்ரோ வேலை பார்க்கற அண்ணனுக்கும் உண்டு, பெங்களூர்ல இருந்து வீக்எண்டுக்கு வந்தவருக்கும் உண்டு. மத்த மாநிலத்துல கேக்கறவங்களுக்கு: 2025 மே மாசம் மத்திய அரசு ஒரு கேஷ்லெஸ் திட்டத்தை அறிவிச்சிருக்கு, 7 நாள் வரைக்கும் ஒன்றரை லட்சம் ரூபாய் வரைக்கும் சிகிச்சை.

கவுன்ட்டர்ல நிக்கும்போது சட்டப் பிரிவெல்லாம் ஞாபகம் வராது. எனக்கு வரல. ரெண்டு வாக்கியம் போதும்: "நான் உறவுக்காரர் இல்ல, உதவிக்கு வந்தேன். இவருக்கு 48 திட்டத்துல போடுங்க." அடிபட்டவர் உங்க குடும்பம் இல்லேன்னா சேர்க்கறதுக்காக உங்ககிட்ட பணம் கேக்கக் கூடாது. சேர்த்துட்டு உடனே கிளம்பறதுக்கும் உங்களுக்கு உரிமை இருக்கு.

நான் கிளம்பல. தம்பியோட அண்ணன் வர்ற வரைக்கும் இருந்தேன். அங்கதான் கதையோட ரெண்டாவது பாதி. உண்மையைச் சொன்னா, முதல் பாதியை விட இதுதான் என்னைத் தூங்க விடல.

கார் ஓட்டினவர் ஓடிப் போகல. ஹாஸ்பிடலுக்கே வந்துட்டாரு. என் வயசு இருக்கும், கழுத்துல ஐ.டி. கார்டு. என்னை மாதிரியே ஒரு ஐ.டி. கம்பெனி ஆள். கை நடுங்குது. "ப்ரோ, நான் தெரியாம பண்ணிட்டேன். செலவைப் பார்த்துக்கறேன். போலீஸ் மட்டும் வேணாம்"னாரு. தம்பியோட அண்ணன்கிட்ட 10,000 ரூபாய் நீட்டினாரு. என் மனசு அவர் பக்கம்தான் முதல்ல சாய்ஞ்சுது. ஏன்னா அவர் இடத்துல என்னை வச்சுப் பார்க்க எனக்கு ஒரு செகண்ட் கூட ஆகல. டெலிவரி தம்பி இடத்துல வச்சுப் பார்க்கத்தான் நேரம் ஆச்சு.

அண்ணனும் வாங்கிக்கற மாதிரிதான் இருந்தாரு. அவரோட பயம் வேற: "எஃப்.ஐ.ஆர். போட்டா பைக்கை ஸ்டேஷன்ல வச்சுக்குவாங்க சார், வண்டி இல்லேன்னா வேலை போயிடும்." விபத்து வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்கணும், உண்மைதான். ஆனா பார்த்து முடிச்சதும் தேவையில்லாம தாமதிக்காம திருப்பித் தரணும்னும் சட்டத்துலயே இருக்கு.

அன்னைக்கு அங்க நைட் டியூட்டியில ஒரு நர்ஸ் அக்கா இருந்தாங்க. அவங்கதான் அண்ணனைத் தனியா கூப்பிட்டு, "தம்பி, காலு எக்ஸ்ரே பார்த்தீங்களா? முட்டிக்குக் கீழ ரெண்டு இடத்துல உடைஞ்சிருக்கு. பத்தாயிரம் எத்தனை நாளைக்குக் காணும்?"னு கேட்டாங்க.

இந்தக் கேள்விக்கு ஒரு ஃபார்முலாவே இருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்டதும் எனக்குள்ள இருக்கற இன்ஜினியர் முழிச்சுக்கிட்டான். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம்னு ஒண்ணு இருக்கு. சென்னையில ஐகோர்ட் வளாகத்துல இருக்கற சிறு வழக்குகள் நீதிமன்றம்தான் அது. நிரந்தரக் குறைபாடு ஆயிடுச்சுன்னா, அவங்க மாச வருமானத்தை 12-ஆல பெருக்கி, வயசுக்கு ஏத்த ஒரு எண்ணால பெருக்கி, அதுல சம்பாதிக்கற திறன் எத்தனை சதவீதம் போச்சோ அதை எடுப்பாங்க. வயசு எண் 2009-ல சரளா வர்மா வழக்குல சுப்ரீம் கோர்ட் கொடுத்த அட்டவணை. 25 வயசு வரைக்கும் 18. 26-ல இருந்து 30 வரைக்கும் 17.

தம்பிக்கு வயசு 23. மாசம் 18,000 சம்பாதிக்கறான்னு வைங்க. 20 சதவீதம் திறன் போச்சுன்னு வைங்க. 18,000 பெருக்கல் 12, பெருக்கல் 18, அதுல 20 சதவீதம். 7,77,600 ரூபாய். இதுக்கு மேல மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத மாசங்கள், வலிக்கு, வேதனைக்குன்னு தனித்தனியா வரும். இது தோராயக் கணக்குதான், தீர்ப்பாயம் கூட்டும், குறைக்கும். எலும்பு நல்லாக் கூடிடுச்சுன்னா குறைபாட்டுக் கணக்கே வராது. ஆனா அந்த ராத்திரி 10,000 வாங்கிட்டு வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருந்தா, இந்தக் கணக்கைப் போடவே கஷ்டமாகியிருக்கும்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. 2010-ல ராஜ்குமார் வழக்குல சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, டாக்டர் சொல்ற உடல் குறைபாட்டு சதவீதமும், சம்பாத்தியத்துல போன சதவீதமும் ஒண்ணு இல்ல. அவர் என்ன வேலை பார்க்கறாருன்னு பார்க்கணும். இதே கால் எனக்கு உடைஞ்சிருந்தா, மூணு மாசம் வீட்ல உட்கார்ந்து லேப்டாப்ல கோட் அடிச்சிருப்பேன், சம்பளம் வந்திருக்கும். அவனுக்குக் கால்தான் ஆஃபீஸ்.

அந்தக் கார்க்காரருக்கும் இதையேதான் சொன்னேன், கொஞ்சம் லேட்டா. பணம் அவர் பாக்கெட்ல இருந்து போகப் போறதில்ல. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் எல்லா வண்டிக்கும் கட்டாயம், அது இருக்கறதே இதுக்குத்தான். போலீஸுக்குச் சொல்லாம மறைச்சாதான் அவருக்குச் சிக்கல். இடிச்சவரே அடிபட்டவரை ஹாஸ்பிடல்ல சேர்க்கணும், போலீஸுக்கும் இன்சூரன்ஸுக்கும் தகவல் கொடுக்கணும்னு சட்டமே சொல்லுது. கிரிமினல் கேஸ் வரும், வராதுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா நின்னவருக்கும் ஓடினவருக்கும் வித்தியாசம் இருக்கு. ஒருவேளை ஓடிப் போய், வண்டி எதுன்னே தெரியலேன்னா, அதுக்கும் அரசு இழப்பீடு இருக்கு: இறப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000.

மறுநாள் அண்ணனோட நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். முதல்ல போனது பக்கத்து ஸ்டேஷன். "இது டி.ஐ.டபிள்யூ. பார்க்கணும்"னு அனுப்பினாங்க. போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு, சென்னைக்காரங்க இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, பாதி நாள் மிச்சமாகும். அங்க ஒரு சின்னச் சீட்டு கொடுத்தாங்க. அண்ணன், "எஃப்.ஐ.ஆர். வாங்கிட்டேன்"னு சந்தோஷமா வெளியே வந்தாரு. அது சி.எஸ்.ஆர்., புகார் வாங்கினதுக்கான ரசீது. எஃப்.ஐ.ஆர். வேற. இழப்பீட்டுக்கு எஃப்.ஐ.ஆர். வேணும், புகார் கொடுத்தவருக்கு அதோட நகல் இலவசம். ரெண்டு நாள் நடந்துதான் வாங்கினோம். யாரும் திட்டல, ஆனா யாரும் அவசரமும் படல.

ஹாஸ்பிடல்ல ஏ.ஆர். காப்பின்னு ஒண்ணு கேளுங்க, விபத்துப் பதிவேட்டு நகல். எப்படி அடிபட்டுச்சு, எந்த வண்டின்னு அதுல முதல் தடவை என்ன எழுதறாங்களோ அதுதான் கடைசி வரைக்கும் பேசும். பதட்டத்துல "ஸ்லிப் ஆகி விழுந்துட்டான்"னு யாராவது சொல்லி அப்படியே எழுதிட்டா, பின்னாடி கார் எங்க இருந்து வந்துச்சுன்னு இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் கேப்பாரு. டிஸ்சார்ஜ் சம்மரி, பில், மருந்துச்சீட்டு எல்லாம் ஒரே கவர்ல. டெலிவரி வேலைன்னா ஆப்ல வாராவாரம் வர்ற வருமானத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, சம்பள ஸ்லிப்புக்குப் பதிலா இருக்கறது அதுதான். மனுப் போட சட்டத்துல இப்ப 6 மாசம்னு காலக்கெடு இருக்கு. "கால் சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம்"னு விட்டுடாதீங்க.

இன்னொண்ணு. மூணாம் நாளே வார்டுக்கு ஒருத்தர் வந்தாரு. வக்கீல் ஆஃபீஸ்ல இருந்துன்னு சொல்லி, ஃபாரத்தை நீட்டி "இங்க இங்க கையெழுத்துப் போடுங்க, வர்றதுல பாதிப் பாதி"ன்னாரு. படிக்காம எதுலயும் கையெழுத்து வேணாம். 15100-க்குப் போட்டா சட்டப் பணிகள் ஆணைக்குழு, வருமானம் குறைவா இருக்கறவங்களுக்கு இலவசமா வக்கீல் தருவாங்க. பெண்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலேயே உண்டு. அந்த வழியிலதான் போனோம்.

சாட்சி விஷயம். நான் சொல்றேன்னு நானாத்தான் ஒத்துக்கிட்டேன். அம்மா ரெண்டு நாள் பேசல. எஸ்.ஐ. போன் பண்ணி, "ஸ்டேஷனுக்கு வந்து ஸ்டேட்மென்ட் கொடுத்துட்டுப் போங்க"ன்னாரு. நான் தொண்டையைச் சரி பண்ணிக்கிட்டு, "சார், விதி 169-ல சாட்சிக்கு வசதியான இடத்துல, ஒரே தடவையில எடுக்கணும்னு இருக்கு"ன்னேன். மறுமுனையில ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம் சிரிச்சாரு. "படிச்சிருக்கீங்க. சரி, எங்க வரட்டும்?"

அந்த டீக்கடையையே சொன்னேன். மஃப்டியில வந்தாரு. அந்த இடத்தையும் காட்டின மாதிரி ஆச்சு. முக்கால் மணி நேரம், ஒரே தடவை. அக்கா அவருக்கும் எனக்கும் டீ போட்டுக் கொடுத்தாங்க, அவங்களும் சாட்சி சொன்னாங்க. என்னை விடத் தெளிவா சொன்னாங்க, கார் கலர்ல இருந்து. எழுதி முடிச்சதும் எஸ்.ஐ. கேட்டாரு, "அன்னைக்கு ஆம்புலன்ஸுக்கு யார் போன் போட்டது?" நான் கையைத் தூக்கினேன். அக்கா என்னைப் பார்த்தாங்க, ஒண்ணும் சொல்லல.

தம்பிக்கு இப்ப பிளேட் வச்சிருக்கு. வாக்கர் விட்டு நடக்கறான், இன்னும் பைக் எடுக்கல. மெடிக்கல் போர்டு சதவீதம் போட்டுக் கொடுக்கணும், கேஸ் அடுத்த மாசத்துக்குத் தள்ளியிருக்காங்க. ஃபார்முலாவுல எந்த நம்பர் வருதுன்னு தெரிஞ்சதும் இங்கயே சொல்றேன்.

கடை மூடறதுக்குள்ள போகணும், அக்காவுக்கு 108-ல பேசற மாதிரி கடை அட்ரஸைப் பெரிசா பிரின்ட் எடுத்து லேமினேட் பண்ணி வச்சிருக்கேன், இன்னைக்குத்தான் ஒட்டப் போறோம். அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.